பினாங்கா, சியாங் மாயா, யாழ்ப்பாணமா? வெளிநாட்டு ஓய்வூதியத்தோடு வெப்ப நாட்டில் குடியேறுதல்

லண்டனிலும் ரொறன்ரோவிலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வூதிய வயதை எட்டியிருக்கும் எங்கள் தலைமுறையினரிடையே குளிர்காலம் தொடங்கியதும் ஒரே பேச்சுத்தான் எழுகிறது. இங்கே வீட்டைச் சூடாக்குவதற்கும் உள்ளூராட்சி வரிக்கும் போகிற பணத்தில் அங்கே இருவர் நன்றாக உண்டு வாழலாமே என்பதுதான் அது. அந்த 'அங்கே' சிலருக்குப் பினாங்கு; சிலருக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் அல்லது ஹுவா ஹின்; பலருக்கு யாழ்ப்பாணம். தமிழ்நாட்டை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கென்று தனி விசா இல்லை. வாழ்நாள் வதிவுரிமை தரும் ஓ.சி.ஐ. அட்டையோ, இந்திய வம்சாவளியை ஆவணங்களால் நிறுவ முடியாத இலங்கைத் தமிழருக்குக் கிடைப்பதில்லை.

மூன்று இடங்களுமே மலிவானவைதான். ஆகையால் மாதச் செலவை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் இந்த ஒப்பீடு எங்கும் போய்ச் சேராது. சந்தையில் மீன் என்ன விலை, இரண்டு அறை வீட்டுக்கு என்ன வாடகை என்று காணொளிகளில் சொல்லப்படுவதெல்லாம் 66 வயதில், இருவரும் நடமாட்டத்தோடு இருக்கும் காலத்துக் கணக்கு. நான் கேட்பது 78 வயதுக்கான கணக்கை.

## எவற்றைக் கொண்டு அளப்பது

ஆறு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அங்கே இருப்பதற்கான உரிமை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை யாருடைய கையெழுத்தில் தொங்குகிறது? எவ்வளவு பணத்தை அந்நாட்டு வங்கியிலோ வீட்டிலோ பூட்டி வைக்க வேண்டும்? எங்கள் ஓய்வூதியம் எல்லை கடக்கும்போது என்ன ஆகிறது? முதுமை முற்றிய பின் வைத்தியச் செலவை யார் ஏற்பது? இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவரின் நிலை என்ன? சரிவராவிட்டால் திரும்பி வரும் வழி திறந்திருக்கிறதா?

இவற்றில் ஐந்தாவதுதான் என் பார்வையில் தீர்மானமானது. பேசத் தயக்கமான விடயம் என்பதாலோ என்னவோ, முகவர்களின் விளம்பரத்தாள்களில் அது வருவதே இல்லை.

## புறப்படும் நாட்டிலேயே தொடங்கும் செலவு

மறைந்திருக்கும் முதல் செலவு, போகிற நாட்டில் அல்லாமல் விட்டுப்போகிற நாட்டில் இருக்கிறது. பிரித்தானிய அரச ஓய்வூதியம் அந்நாட்டில் வாழ்வோருக்கு ஆண்டுதோறும் உயரும். ஆனால் மலேசியா, தாய்லாந்து, இலங்கை ஆகிய மூன்றிலும் குடியிருப்போருக்கு, குடியேறிய நாளிலோ முதன்முதலில் பெறத் தொடங்கிய நாளிலோ இருந்த தொகையிலேயே அது உறைந்துவிடும். 2010 இல் வாரம் 97.65 பவுண் முழு அடிப்படை ஓய்வூதியத்தோடு பினாங்குக்குப் போன ஒருவர் இன்றும் அதே 97.65 பவுணைத்தான் பெறுகிறார். லண்டனிலேயே தங்கிவிட்ட அவருடைய நண்பருக்கு 2025-26 இல் அதே ஓய்வூதியம் 176.45 பவுண். பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிக்குப் பாதி வேறுபாடு விழுந்துவிட்டது. அத்தனை காலமும் பினாங்கின் விலைவாசி மட்டும் உறைந்து நிற்கவில்லை. இதோடு, பிரித்தானியாவில் வழமையாக வதியாதவர் அங்கே இலவச வைத்தியசாலைச் சிகிச்சைக்கும் உரித்தற்றவராகிறார். நிரந்தரமாகத் திரும்பிக் குடியமர்ந்தால் அந்த உரித்து மீண்டும் கிடைக்கும்.

கனடாவின் கணக்கு வேறு விதமானது. ஓ.ஏ.எஸ். எனப்படும் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்தை வெளிநாட்டில் தொடர்ந்து பெறுவதற்கு, 18 வயதுக்குப் பின் கனடாவில் குறைந்தது 20 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போன ஆறு மாதங்களின் பின் அது நின்றுவிடும். 1990களில் இளவயதில் வந்தவர்களுக்கு இது தடையாகாது. பிள்ளைகள் பின்னாளில் அழைத்த பெற்றோருக்கு இது பெரிய தடை. குறைந்த வருமானத்தாருக்கான ஜி.ஐ.எஸ். உதவியோ யாராக இருந்தாலும் ஆறு மாதத்தில் நிற்கும். சம்பளத்தில் கழித்துச் சேர்த்த சி.பி.பி. எனப்படும் கனடா ஓய்வூதியத் திட்டப் பணம் மட்டும் எங்கிருந்தாலும் வரும். வதிவிடம் கனடாவுக்கு வெளியே என்று ஆனதும், வரி உடன்படிக்கை குறைத்தால் ஒழிய, ஓய்வூதியத்தில் 25 சதவீதம் பிடித்துக்கொள்ளப்படும். ஒன்ராறியோ மாகாணத்தின் சுகாதாரக் காப்பீட்டைத் தக்கவைக்க எந்த 12 மாதத்திலும் 153 நாட்கள் அங்கே இருந்தாக வேண்டும் என்பதால், ஐந்து ஆறு மாதம் மட்டும் வெப்ப நாட்டில் கழிப்பவர்கள் முழுக்கக் குடிபெயர்பவர்களைவிட வலுவான நிலையில் இருக்கிறார்கள். கனடாவிலுள்ள நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## நிபந்தனைகள் ஒரே பார்வையில்

| | மலேசியா: எம்.எம்.2.எச். ('மலேசியா என் இரண்டாம் இல்லம்' நீண்டகால அனுமதி) சில்வர் | தாய்லாந்து: ஓய்வு விசா | இலங்கை: மை ட்ரீம் ஹோம் விசா | இலங்கை: இரட்டைப் பிரஜாவுரிமை |
|---|---|---|---|---|
| வயது | 25 முதல் | 50 முதல் | 55க்கு மேல் | 55க்கு மேற்பட்டோர் என்பது ஒரு தகுதிப் பிரிவு |
| காலம் | 5 ஆண்டு | 1 ஆண்டு | 2 ஆண்டு | வாழ்நாள் |
| பணம் | 150,000 அமெரிக்க டொலர் வைப்பு | 800,000 பாட் வைப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் | 15,000 டொலர் வைப்பு. மாதம் 1,500 டொலர், துணைவருக்கு மேலும் 750 | வைப்பு கட்டாயமில்லை |
| வீடு | 600,000 ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு வாங்குவது கட்டாயம் | நிலம் வாங்க முடியாது. தொடர்மாடி வாங்கலாம் | காணி வாங்க முடியாது. தொடர்மாடியில் 4ஆம் மாடி முதல் வாங்கலாம் | தடையில்லை |
| பிரித்தானிய ஓய்வூதிய உயர்வு | இல்லை | இல்லை | இல்லை | இல்லை |

## மலேசியா: வசதி அதிகம், பூட்டும் அதிகம்

அன்றாட வாழ்வை மட்டும் பார்த்தால் பினாங்குக்கு இணையில்லை. மருத்துவரோடு ஆங்கிலத்திலும், பல வேளைகளில் தமிழிலும், பேசலாம். அண்டை நாடான இந்தோனேசியாவிலிருந்து நோயாளிகள் தேடி வருமளவுக்குத் தனியார் வைத்தியசாலைகள் உள்ளன. ஜோர்ஜ் டவுனின் குவீன் வீதியில் 1833 இல் எழுந்த மாரியம்மன் கோவில், தண்ணீர்மலை முருகன், தைப்பூச இரதம், இடியப்பமும் தோசையும் கிடைக்கும் கடைத்தெரு என்று ஒரு முழுத் தமிழ் வாழ்வு ஏற்கனவே அங்கே இருக்கிறது. புதிதாகப் போகிறவர் அதில் போய் அமர்ந்துகொண்டாலே போதும். வெளிநாட்டிலிருந்து தனிநபர் கொண்டுவரும் வருமானத்துக்கான வரிவிலக்கும் 2036 இறுதிவரை நீடிக்கப்பட்டுள்ளது.

ஆனால் 'மலிவான நாடு' என்ற சொல்லை இங்கே கவனமாகவே பயன்படுத்த வேண்டும். 2002 இல் தொடங்கிய எம்.எம்.2.எச். திட்டம் 2020 இல் இடைநிறுத்தப்பட்டு, 2021 இல் மாதம் 40,000 ரிங்கிட் வருமானம் வேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்பி வந்து, 2024 இல் மீண்டும் மாற்றப்பட்டு மூன்று படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் தாழ்ந்த சில்வர் படிநிலைக்கே 150,000 டொலர் நிலையான வைப்பும் 600,000 ரிங்கிட் வீடும் வேண்டும். ஓராண்டின் பின் வைப்பில் பாதிவரை வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் எடுக்கலாம் என்பது சிறிய ஆறுதல். வாங்கிய வீட்டைப் பத்து ஆண்டுகளுக்கு விற்க முடியாது என்பதுதான் பலர் ஒப்பமிட்ட பின்னர் கவனிக்கும் வரி. 67 வயதில் வாங்கினால் 77 வரை பூட்டு. அதன் பின் விற்றாலும் இலாபத்தில் 10 சதவீதம் சொத்து ஆதாய வரி வெளிநாட்டவருக்கு உண்டு. இதற்கு மேல், வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு ஒவ்வொரு மாநில அரசும் தனக்கென்று ஒரு குறைந்தபட்ச விலையை வைத்திருக்கிறது.

ஜொகூரின் ஃபாரஸ்ட் சிற்றியில் மட்டும் 50 வயதைத் தாண்டியோருக்கு 32,000 டொலர் வைப்பில் பத்தாண்டு அனுமதி தரும் தனிப் பிரிவு ஒன்று உண்டு. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் குடியேறாத அந்த நகரில் முதுமையைக் கழிப்பது எப்படி இருக்கும் என்பதை நேரில் ஒரு வாரம் தங்கிப் பார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்பதற்காக நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

லண்டன் வீட்டை விற்ற பணம் கையில் இருக்கிறது, அதில் முந்நூறாயிரம் டொலரளவு பத்தாண்டுகள் அசையாமல் கிடந்தாலும் கவலையில்லை, இருவருக்குமே ஆங்கிலத்தோடும் தமிழோடும் வாழ வேண்டும் என்றால், மலேசியாவே சிறந்தது. ஓய்வூதியத்தை மட்டும் நம்பியவர்களுக்கு அந்த வாசல் 2021 க்குப் பின் ஏறக்குறைய மூடிவிட்டது என்பதை ஒளிவின்றிச் சொல்லிவிடுவது நல்லது.

## தாய்லாந்து: நுழைவது எளிது, ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும்

தாய்லாந்தின் வைப்புத் தொகையான 800,000 பாட், அண்மைய மாற்று வீதத்தில் சுமார் 24,000 டொலர்தான். வீடு வாங்க வேண்டிய கட்டாயமில்லை. வாடகைச் சந்தை பெரிது. வேண்டாம் என்றால் ஒரு மாத முன்னறிவித்தலோடு பெட்டியைக் கட்டலாம். திரும்பும் வழி என்ற அளவுகோலில் தாய்லாந்துக்கே முதலிடம் கொடுப்பேன்.

இந்த எளிமைக்கான விலையை ஆண்டுதோறும் தவணையாகக் கட்டுகிறோம். அனுமதி ஓராண்டுக்கே. புதுப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பணம் கணக்கில் இருக்க வேண்டும். புதுப்பித்த பின் மூன்று மாதம் தொடக்கூடாது. எஞ்சிய காலத்திலும் 400,000 பாட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை வதிவிடத்தை அறிவிக்க வேண்டும். நாட்டை விட்டு ஒரு திருமணத்துக்குப் போய்வருவதற்கும் முன்கூட்டியே மீள்நுழைவு அனுமதி எடுக்காவிட்டால் விசா அழிந்துவிடும். 65 வயதில் இவை சிறு அலுவல்கள். மறதி தொடங்கும் வயதில் இவற்றை யார் நினைவில் வைத்திருப்பது?

இரண்டு மாற்றங்கள் அண்மையில் வந்தவை. 2024 ஜனவரி 1 முதல், ஆண்டில் 180 நாட்களுக்குக் குறையாமல் தங்குவோர் அன்றுமுதல் ஈட்டி நாட்டுக்குள் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம் வரிக்கு உட்பட்டது. ஓய்வூதியத்துக்கு எந்த நாட்டில் வரி என்பதை அந்தந்த வரி உடன்படிக்கையைப் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தது, வெளிநாட்டுத் தூதரகத்தில் எடுக்கும் ஓ-ஏ வகை விசாவுக்கு 30 இலட்சம் பாட் வைத்தியக் காப்பீடு கேட்கப்படுவது. எழுபதைத் தாண்டியவருக்குப் புதிதாகக் காப்பீடு தரும் நிறுவனங்கள் குறைவு. தருபவையும் நீரிழிவையும் இருதய நோயையும் ஒதுக்கிவிட்டே தருகின்றன, அதாவது எங்கள் ஆட்களுக்கு எது வருமோ அதைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும்.

சியாங் மாய்க்குப் போக எண்ணுவோர் மாசி முதல் சித்திரை வரையான புகைக்காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வயல்களும் காடுகளும் எரிவதால் அப்பள்ளத்தாக்கின் காற்று, ஆஸ்துமா உள்ளவர் வாழ முடியாத அளவுக்குக் கெடுகிறது. ஹுவா ஹின் கடற்கரை என்பதால் அந்தத் தொல்லை அங்கே குறைவு, வாடகை சற்று அதிகம். வீடு வாங்குவது பற்றி அதிகம் பேசத் தேவையில்லை: தொடர்மாடிக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரையே வெளிநாட்டவர் வசம் இருக்கலாம், நிலத்தைக் குத்தகைக்கே எடுக்கலாம். வாடகையே போதும்.

## இலங்கை: திரும்பிப் போகும் ஊர்

இங்கே முதலில் ஒரு பிரிவினை செய்ய வேண்டும். வெளிநாட்டவராக மை ட்ரீம் ஹோம் விசாவில் போவதும், இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்துக்கொண்டு போவதும் இரண்டு வேறு வாழ்க்கைகள். முன்னாள் இலங்கைப் பிரஜைக்கு 55 வயது தாண்டியிருந்தாலே இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி உண்டு. பிரித்தானியாவும் கனடாவும் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டவை. நோர்வே 2020 முதலும், ஜேர்மனி 2024 ஜூன் 27 முதலும் ஏற்கின்றன. கோப்பு நகர மாதங்கள் ஆகலாம், பழைய பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைய வேண்டியிருக்கலாம். ஆனால் அது கைக்கு வந்த பின் விசா, வைப்பு, மாதாந்தப் பண அனுப்பல் என்ற பேச்சே இல்லை. அரச வைத்தியசாலைகளின் இலவசச் சிகிச்சையும் பிரஜைக்குரிய உரிமையாகவே கிடைக்கும்.

காணி விடயத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் காணியை விலைக்கு வாங்க முடியாது. 99 ஆண்டுவரை குத்தகைக்கு எடுக்கலாம். நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாகப் பெறுவதற்கும் இரட்டைப் பிரஜைகளுக்கும் அச்சட்டம் விலக்களிக்கிறது. யாழ்ப்பாணத்தில் இதற்கு மேல் தேசவழமை எனப்படும் வழமைச் சட்டமும் உண்டு. பங்குரிமையாளர்களுக்கு முன்னுரிமைக் கொள்வனவு உரித்து இருப்பதால், சகோதரர்கள் நான்கு நாடுகளில் சிதறியிருக்கும் ஒரு குடும்பக் காணியில் ஒருவருடைய பங்கை மட்டும் வாங்கி வீடு கட்டியவர், பின்னர் வழக்காடு மன்றத்துக்கு ஏறி இறங்க நேரலாம். 'வீடு சும்மாதானே கிடக்கிறது, போய் இருப்போம்' என்று சொல்பவரிடம் காணி உறுதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. பயணச்சீட்டை எடுப்பதற்கு முன் உறுதியைத் துப்புரவாக்க வேண்டும்.

வைத்தியத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையமும் உள்ளன. எனினும் சிக்கலான இருதயச் சிகிச்சைக்கும் தனியார் சிறப்பு வைத்தியத்துக்கும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பையே பலர் நாடுகிறார்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பது ஒரு மாற்று வழி. 2022 இல் நாடு அந்நியச் செலாவணி இன்றித் தத்தளித்தபோது டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. வெளிநாட்டு ஓய்வூதியக்காரர் தாளில் பணக்காரரானார், ஆனால் மருந்தகத்தில் மருந்து இல்லை, நிரப்பு நிலையத்தில் எரிபொருள் இல்லை. அத்தகைய ஆண்டு மீண்டும் வந்தால் மூன்று மாத மருந்துகளைக் கையில் வைத்திருக்க முடியுமா என்று இன்சுலின் போடுபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செலவு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்ற பெயரோடு ஊரில் வாழ்பவரிடம் கோவில் திருப்பணி, உறவினர் பிள்ளையின் படிப்பு, அயலவர் வீட்டுக் கல்யாணம் என்று எதிர்பார்ப்புகள் வந்துகொண்டே இருக்கும். அதைச் சுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதக் கணக்கில் அதற்கொரு வரி ஒதுக்கிவிட்டால் மனஸ்தாபம் குறையும்.

## பிலிப்பைன்ஸ்: ஒரே ஒரு காரணத்துக்காக

பிரித்தானிய அரச ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும் ஒரே தென்கிழக்காசிய நாடு பிலிப்பைன்ஸ்தான்; இரு நாட்டு உடன்படிக்கையால் வந்த நன்மை அது. 1985 முதல் இயங்கும் ஓய்வுபெற்றோர் அதிகாரசபையின் எஸ்.ஆர்.ஆர்.வி. விசாவும் காலவரையற்றது, வைப்பும் சிறிது. ஆனால் ஆண்டுக்கு இருபதளவு புயல்கள் சூழும் அந்நாட்டில் கோவில்கள் மிக அரிது, சொல்லத்தக்க தமிழ்ச் சமூகமும் இல்லை. தனித்து வாழத் துணிந்தவருக்கு மட்டுமே இது பொருந்தும்.

## ஒருவர் மட்டும் எஞ்சும்போது

முன்னர் சொன்ன பழைய அடிப்படை ஓய்வூதியத்தை அல்லாமல், புதிய முறையிலான முழுப் பிரித்தானிய அரச ஓய்வூதியத்தைப் பெறும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். 2025-26 இன் வாரம் 230.25 பவுண் என்ற கணக்கில் ஒருவருக்கு மாதம் சுமார் 998 பவுண், அதாவது ஏறத்தாழ 1,300 டொலர், இருவருக்கும் 2,600. இலங்கை விசா கேட்கும் 2,250 டொலரை அவர்கள் இலகுவாகக் காட்டிவிடுவார்கள். கணவர் இறந்த மறுமாதம் மனைவி காட்ட வேண்டியது 1,500, அவர் கையில் வருவதோ 1,300. இருவராக இருந்தபோது கடந்த நிபந்தனையை ஒருவராக ஆனபின் கடக்க முடியவில்லை. இரட்டைப் பிரஜாவுரிமையை இருவருமே எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

தாய்லாந்தில் அதே 998 பவுண் சுமார் 44,000 பாட். தேவையான 65,000 க்கு அது எட்டாது. வைப்பையும் வருமானத்தையும் கூட்டிக் காட்டும் வழி விதியில் இருந்தாலும், பிரித்தானியத் தூதரகம் 2019 முதல் வருமானச் சான்று வழங்குவதில்லை என்பதால் அது கடினம். ஆகவே 800,000 பாட் வைப்பே வழி. அந்த வைப்பு கணவர் பெயரில் மட்டும் இருந்து, மனைவி அவருடைய சார்பாளராகத் தங்கியிருந்தால், மரணத்தோடு கணக்கும் முடங்கும், மனைவியின் அனுமதிக்கான அடிப்படையும் போய்விடும். பணத்தை விடுவிக்க நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இருவர் பெயரிலான கணக்கைப் பல குடிவரவு அலுவலகங்கள் ஏற்பதில்லை. எனவே தாய்லாந்துக்குப் போகும் தம்பதிக்கு உண்மையான நுழைவுத் தொகை 16 இலட்சம் பாட், இரண்டு கணக்குகள், இரண்டு தனித்தனி விசாக்கள். அப்படிப் பார்த்தால் அதன் மலிவு பாதியாகக் குறைகிறது. மலேசியாவைப் பொறுத்தவரை, விண்ணப்பம் உரிமம் பெற்ற முகவர் ஊடாகவே போக வேண்டும் என்பதால், முதன்மை விண்ணப்பதாரர் இறந்தால் வைப்பும் வீடும் அனுமதியும் எப்படிக் கைமாறும் என்பதை அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்பே பணம் அனுப்ப வேண்டும்.

## யாருக்கு எது

முன்னாள் இலங்கைப் பிரஜைகளாக இருவரும் இருந்து, உறுதி துப்புரவான வீடோ வாடகை வீட்டில் இருக்கும் மனமோ இருந்தால், இரட்டைப் பிரஜாவுரிமையோடு இலங்கை மற்றெல்லாவற்றையும் விட முன்னிற்கிறது. ஊர்ப்பாசத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இருக்கும் உரிமை அங்கே எவராலும் ஆண்டுதோறும் சோதிக்கப்படாது என்பதே போதிய காரணம். ஆனால் மாதாமாதம் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டிய நோய் ஏற்கனவே இருப்பவர், பணம் அனுமதித்தால் பினாங்கையும் அனுமதிக்காவிட்டால் கொழும்பையும் எண்ண வேண்டும். 60 முதல் 72 வரை ஒரு பன்னிரண்டு ஆண்டு வெப்பத்தில் கழித்துவிட்டு பிள்ளைகளிடம் திரும்புவோம் என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்களுக்குத் தாய்லாந்து. ஏனெனில் அதன் குறைகள் எல்லாம் முதுமையின் பிற்பகுதியில்தான் கடிக்கின்றன. பேரப்பிள்ளைகளும் காப்பீடும் ஒன்ராறியோவில் இருப்பவர், 153 நாள் விதியை மதித்து எங்கும் குடியேறாமல் போய்வருவதே நல்லது.

முதல் ஆண்டு வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுங்கள். தேர்ந்த ஊரில், அதன் மோசமான பருவத்தில் மூன்று மாதம் இருந்து பாருங்கள்: சியாங் மாயில் பங்குனிப் புகையில், யாழ்ப்பாணத்தில் ஐப்பசி கார்த்திகை மழையில், டெங்கு பரவும் நாட்களில். அந்த மூன்று மாதத்தில் ஒருமுறையாவது, வீட்டில் வெளி அலுவல்களைப் பார்த்துப் பழகாதவர் எவரோ அவர், துணையின்றித் தனியாக வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் குடிவரவு அலுவலகத்துக்கும் போய்வரட்டும்.